சோப்பு டப்பா ஆம்ப்ளிஃபையர்

சோப்பு டப்பாவுக்குள் நல்ல ஆம்ப்ளிஃபையர் செய்யலாம், ஐயா. மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். பேட்டரி, ஒரு ஐ.சி., சில கெப்பாசிட்டர்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. நடுக்கத்தை உணரும் சென்சாரை அதில் இணைத்துக் குடிநீர்க் குழாயில் ஒட்டி, ஹெட்போனை மாட்டினால், மண்ணுக்கடியில் தண்ணீர் கசிவது காதருகே கேட்கும். எங்கள் குடிநீர் அலுவலகத்துக்காக நானாக யோசித்துச் செய்தது.

ஒரே குறை, ஓயாத இரைச்சல். நான் அதற்குப் பழகிவிட்டேன். என் சகலை பழகவில்லை. என் மனைவியின் தங்கை கணவன். எங்கள் அலுவலகத்திலேயே ஃபிட்டர். மாமனார் வீட்டில் ஒருநாள், நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் டப்பாவைத் திறந்து, ஒரு ஒயரை மாற்றி, ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தான். இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

"சின்ன மாப்பிள்ளை கை வச்சாத்தான் எதுவும் பேசுது," என்றார் மாமனார்.

"இவரு இத்தன நாளா அதக் கட்டிக்கிட்டு அழுதாரு," என்று என் மனைவியும் சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நாகரிகமான பெயர் எதையும் நான் தேடவில்லை. அலுவலகத்தில் அது 'சகலை டப்பா' ஆகிவிட்டது. அவனோ, "அண்ணே, டப்பா உங்களோடது. நான் ஒரு ஒயரத்தானே மாத்துனேன்," என்பான். அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்குப் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

பிறகு, குழாய் பதிக்கத் தோண்டிய அந்தப் பள்ளம் சரிந்தது. ஆள் நுழையும் அகலமான இரண்டு புதுக் குழாய்களை இணைக்க அவன் உள்ளே இறங்கியிருந்தான். இடமும் வலமுமாக இரண்டின் வாயும் மண்ணில் மூடிக்கொண்டன. மறுமுனைகள் ஏற்கெனவே அடைக்கப்பட்டவை. ஏதோ ஒன்றுக்குள் ஓடிப் புகுந்திருப்பான் என்றார்கள். எதற்குள் என்று யாருக்கும் தெரியவில்லை. மண் அள்ள ஒரே ஒரு இயந்திரம்தான் இருந்தது.

"யாரும் மூச்சு விடாதீங்கப்பா, அவரு கேக்கட்டும்," என்றார் சூப்பர்வைசர்.

இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, அது வலது குழாயைத் தொட்டதும் கம்பியின் தலையில் சென்சாரை ஒட்டினேன். உள்ளே அவன் ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தான். நடுவில் இருமினான். அவ்வளவு சுத்தமான சத்தத்தை அந்த டப்பாவில் நான் கேட்டதே இல்லை. அவனை மேலே தூக்கிவிட்டால் மாமனார் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். சின்ன மாப்பிள்ளை சரிசெய்த டப்பாதான் சின்ன மாப்பிள்ளையைக் காப்பாற்றியது என்பார்.

"இங்க ஒண்ணுமில்ல. இடது பக்கம் தோண்டுங்க," என்றேன்.

சூப்பர்வைசர் தானும் கேட்க வேண்டும் என்றார். திருகைக் குறைத்துவிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

வலது குழாயின் உட்புறத்தில் ஸ்பேனர் பட்ட தடங்களைப் பார்த்துத்தான் நீங்கள் என்னை அழைத்திருக்கிறீர்கள். மறைக்க எதுவுமில்லை. ஆனால் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் மைத்துனி அழுதுகொண்டே, "மாமா, கடைசியில அவரு தனியாவா கெடந்தாரு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய் இல்லை, ஐயா. எல்லோரும் இடது பக்கம் ஓடிய பிறகும் நான் அந்தக் கம்பியை விட்டு நகரவில்லை. திருகைக் கூட்டிவைத்து, தட்டுவது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.