லென்ஸ் விற்கப் போனவர்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செம்பனைக் குலை தூக்கிய கையால் கூலாயில் கடைவீடு கட்டினேன், செடெனாக்கில் பட்டறை கட்டினேன். உன்னால் முடியாது என்றவர்களே பிறகு வாடகைக்குக் கேட்டு வந்தார்கள்.

போன வாரம் ஜொகூர் பாரு பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கல்யாணப் படக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

"கல்யாண சீசன்ல லென்ஸ விக்கப் போற ஒரே ஆளு நீங்கதாங்க," என்றாள் அவள்.

"என்ன செய்யச் சொல்ற? கம்பெனிக்காரன் புது கேமரா பாடிய மலிவா குடுத்தான், வாங்கிட்டேன். பழைய லென்ஸ் ஒண்ணும் இதுல மாட்டாது."

"புது லென்ஸ்?"

"அங்கதான்மா கம்பெனிக்காரன் வெச்சு வாங்குறான். ஒண்ணு வாங்க, இருக்கிற எல்லாத்தையும் விக்கணும்."

"பழச யாரு எடுப்பா?"

"அவன் கடையேதான். அடிமாட்டு விலைக்கு எடுத்து, தொடச்சு, வாரண்டி போட்டு விப்பான்."

"அலமாக்! போனாலும் அவனுக்கு, வந்தாலும் அவனுக்கா? பழைய பாடியும் ஒரு லென்ஸும் இருக்கட்டுங்க. கூலாய் கோயில் மண்டபத்துக்கு அது போதும். அங்க வெளிச்சம் கொட்டுது."

"ஒரு மண்டபத்த நம்பி பொழைக்க முடியுமா லா? மத்த எடமெல்லாம் இருட்டு, பழைய பாடில படம் தெளிவா விழாது."

ஜொகூர் பாரு வந்தது. அவள் லென்ஸ் பையை மார்போடு அணைத்தபடி அவரோடு இறங்கிப் போனாள்.

அந்த மண்டபத்தைக் கட்டியவன் நான். செலவைக் காட்டிச் சன்னல் உயரத்தைக் குறைக்கச் சொன்ன கோயில் கமிட்டியோடு சண்டை போட்டு உயரமாகவே வைத்தேன். அங்கே எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் பாதி என் வெளிச்சம். ஆல்பத்தில் படக்காரர் பேருக்குப் பக்கத்தில் என் பேரையும் போடுங்கள்.