ஏழு கெண்டைகளின் குளிர்காலம்

முதலில் அந்த ஈரக் காலுறைகளைக் கழற்றி அடுப்புப் பக்கம் காய வையுங்கள். காபியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். ஏலக்காய் ரொட்டி நேற்றுச் சுட்டது, இன்றைக்குத்தான் அதற்கு ருசி கூடியிருக்கும். மைனஸ் இருபத்தொன்பது டிகிரியில் ஒரு சின்ன வயதுப் பெண்ணை யோகெவா நகரத்திலிருந்து இங்கே இரண்டாவது தடவையாக அலைய விட்டிருக்கிறார்களே, உங்கள் போலீஸ் மேலதிகாரிகளுக்கு வீட்டில் பெண்பிள்ளைகள் கிடையாதா?

ஒலிப்பதிவுக் கருவி ஓடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. போன தடவை நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். பக்கத்து வீட்டு மைமு அதற்குப் பிறகு வாயைத் திறந்திருக்கிறாள், அதனால் இன்றைக்கு உங்களுக்கு வேறு வார்த்தை வேண்டியிருக்கிறது. தருகிறேன். ஆனால் குளத்தைப் பற்றித் தெரியாமல் அதைக் கேட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். நீங்கள் நல்ல பெண். உங்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் சவுனா இல்லாத வீடு கிடையாது, சவுனாவுக்குப் பக்கத்தில் குளம் இல்லாத கொல்லையும் கிடையாது. சனிக்கிழமை பிற்பகல் நீராவியில் வெந்து சிவந்து, ஓடிவந்து தண்ணீரில் விழுந்து எழுவார்கள். என் கணவர் அர்வோவும் அதற்காகத்தான் குளத்தைத் தோண்டினார். அவர் போன பிறகு நான் அதில் வண்ணக் கெண்டைகளை விட்டேன். எனக்குச் சவுனாவுக்குப் பிறகு ஒரு வாளித் தண்ணீர் போதும். பதினொரு கெண்டைகள். விரல் நீளத்தில் வாங்கி முழங்கை நீளத்துக்கு வளர்த்தவை.

குளிர்காலத்தில் கெண்டையைக் காப்பாற்றுவது பெரிய வித்தை இல்லை. சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். ஆண்களுக்கு அது வராததற்கும் அதுதான் காரணம். அக்டோபரில் இரை போடுவதை நிறுத்திவிட வேண்டும். மேலே எவ்வளவுதான் உறைந்தாலும் இரண்டரை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நான்கு டிகிரியில் நிற்கும். மீன்கள் அங்கே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, துடுப்புகூட அசையாமல், கோடையில் சேர்த்த கொழுப்பில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கெட்ட வாயு வெளியேறப் பனிப்பாளத்தில் ஒரு துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதைக் கோடாலியால் போடக் கூடாது. அந்த அடி தண்ணீருக்குள் இடியாக இறங்கி மீனைக் கொன்றுவிடும். சுடுதண்ணீர்ப் பானையை வைத்து உருக்க வேண்டும். மறுபடி உறையாமல் இருக்க மேலே தெர்மாகோல் மூடி. பாளத்தின் மேல் நடந்தால் கம்பளிக் காலுறையோடு நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்தண்ணீரைக் கலக்கக் கூடாது. கலக்கினால் மேலே இருக்கிற குளிர் கீழே போகும். மீன் விழித்துக்கொள்ளும். தின்ன ஒன்றும் இல்லாத காலத்தில் நீந்தத் தொடங்கும். பிறகு பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

இதையெல்லாம் என் கொழுந்தன் ஹெய்னோவுக்கு இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னேன். கடல் தாண்டிப் பின்லாந்தில் இருபத்திரண்டு வருடம் குளியலறைகளுக்கு ஓடு பதித்தவர். அண்ணன் சாவுக்கு வர அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. போன செப்டம்பரில், பாதி வீடு தன்னுடையது என்பது நினைவுக்கு வந்ததும், நேரம் ஏராளமாகக் கிடைத்தது. இரண்டு பெட்டியோடு வந்து அர்வோவின் நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணி, இந்த நாற்காலி ஆடுதே, யாரும் கவனிக்கிறதில்லையா?" என்று கேட்டார். உட்காராமல் இருந்தால் ஆடாது என்று நான் சொல்லவில்லை. வந்தவரை உபசரிக்கத் தெரிந்த குடும்பம் எங்களுடையது.

மீன்களுக்கு நான் பெயர் வைத்ததில்லை. அவர் வைத்தார். வறுவல், புகைச்சல், சூப்பு, இப்படி. காலையில் எழுந்ததும், "சூப்பு நல்லாத் தூங்குனானா அண்ணி?" என்று விசாரிப்பார். மைமுவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, "ஹெல்வே, உன் வறுவலுக்கு ஸ்வெட்டர் பின்னி முடிச்சாச்சா?" என்பாள். ஊரே சிரித்தது. சிரிக்க விஷயம் இல்லாத ஊர், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

மீனுக்குத் துளை ஒரு பானை அகலம் இருந்தால் போதும். ஹெய்னோவுக்கு மேசை அகலம் தேவைப்பட்டது. டிசம்பர் முதல் வாரம் ரம்பம் வைத்து அறுத்தார். நானும் அந்த அகலத்துக்கு ஒரு தெர்மாகோல் மூடி வெட்டிப் போட்டேன். குளத்தின் அடிச்சேறு வரைக்கும் ஒரு மர ஏணியை இறக்கினார். சனிக்கிழமை பிற்பகல் சவுனாவிலிருந்து தலையில் கம்பளித் தொப்பியும் மற்றபடி ஆண்டவன் கொடுத்ததுமாக ஓடிவந்து குதித்தார். நூற்றுப் பத்துக் கிலோ. அடித்தண்ணீர் எப்படிக் கலங்கியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

"ஹெய்னோ, பனியில உருண்டு எழுந்திரேன். அதுவும் குளிர்ச்சிதானே?" என்றேன்.

"உருள்றதுக்கு நான் என்ன நாய்க்குட்டியா அண்ணி?"

பெரிய பீப்பாயில் குளிர்தண்ணீர் நிரப்பிச் சவுனா வாசலில் வைத்துக் கொடுத்தேன். அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல முட்டைக்கோஸ் ஊறப் போடுங்க. நான் எங்க அண்ணன் தோண்டின குளத்துலதான் குளிப்பேன்" என்றார்.

"மீன் செத்துப்போகும்டா."

"செத்தா என்ன, பூனைக்கு ஒரு வேளை ஆச்சு. ஒரு சனிக்கிழமை குளிக்கலேன்னா எனக்கு அடுத்த வாரம் முழுக்க உடம்பு கல்லாக் கிடக்கும். மீன் பெருசா, மனுஷன் பெருசா, சொல்லுங்க பாப்போம்."

கேள்வி நியாயமானது. பதிலுக்கு நான் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொண்டேன். யோசிக்காமல் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மூன்று சனிக்கிழமை. நான்கு மீன்கள். பனியைத் தள்ளியபோது பாளத்துக்கு அடியில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்த படம் மாதிரி, வயிறு தெரியக் கிடந்தன. மூன்றைப் புதைத்தேன். நான்காவது காணாமல் போயிருந்தது. பூனை கொண்டுபோயிருக்கும் என்று ஹெய்னோ சொன்னார்.

கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல ரத்தம் அடைத்த குடல் வறுவலும் புளித்த முட்டைக்கோஸும் செய்தேன். ஹெய்னோ தன் பங்குக்கு ஒரு தட்டுப் புகைபோட்ட மீன் கொண்டுவந்து வைத்தார். மைமுவும் வந்திருந்தாள். மீன் மெத்தென்று இருந்தது. உப்பு அளவு. சீரகம் தட்டிப் போட்டிருந்தார். ஒருவருடைய கைப்பக்குவத்தைப் பாராட்டாமல் இருப்பது மரியாதை இல்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டேன். அதை நான் விழுங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"பேர் ராசி பாருங்க அண்ணி. அவன்தான் நம்ம புகைச்சல்."

மைமு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை ரசிக்கத் தெரியாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. பிறகு தட்டுகளைக் கழுவி வைத்தேன். இன்னொரு ரொட்டி எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஒன்றுமே சாப்பிடவில்லை.

ஜனவரியில் இந்தக் குளிர் வந்தது. பகலிலேயே மைனஸ் இருபத்தைந்து. அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு வாரத்தை நான் மூன்று நான்கு தடவைதான் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி நாளில் ஒரே ஒரு தடவை அடித்தண்ணீர் கலங்கினாலும் மிச்சம் இருக்கிற ஏழும் போய்விடும். இதை ஹெய்னோவிடம் சொன்னேன். "அப்போ ஏழு வேளைக்குச் சாப்பாடு ரெடி" என்றார்.

ஆகவே சனிக்கிழமை காலையில், அவர் கடைக்குப் போயிருந்தபோது, ஏணியை எடுத்துவிட்டேன். அதன் கால்கள் சேற்றில் ஊன்றி நின்றன, அவர் ஏறும்போதெல்லாம் சேறு கிளம்பியது. மீன் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் அதை எடுக்கத்தான் சொல்வார்கள். துளையைச் சுடுதண்ணீரால் உருக்க வேண்டும் என்று சொன்னேனே, அன்றைக்கு விளிம்பு முழுக்க மூன்று பானை ஊற்றினேன். அது உறைந்து, துடைத்த கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. ஏணியின் தலை எப்போதும் துளையின் மறுபக்கத்தில் ஒரு சாண்தான் வெளியே தெரியும். ஓடிவந்து குதிக்கிற மனிதர் அதை எண்ணிப் பார்த்துவிட்டுக் குதிப்பதில்லை.

நீங்கள் போன தடவை, "ஏணி எடுத்திருக்குன்னு அவர்கிட்ட சொல்ல மறந்துட்டீங்களா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அவ்வளவு அழகாகக் கேட்டபோது வேறு பதில் சொல்ல மனம் வரவில்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

மூன்று மணிக்குச் சவுனாவுக்குள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அண்ணி, மூடியை எடுங்க, வர்றேன்."

எடுத்தேன். வந்தார். குதித்தார்.

வழக்கம்போல ஓர் உறுமல், ஒரு சிரிப்பு. பிறகு கை ஏணியைத் தேடிப் பாளத்தைத் தடவியது.

"அண்ணி, ஏணி எங்க?"

"ரிப்பேருக்கு எடுத்து வெச்சிருக்கேன், ஹெய்னோ."

"விளையாடாதீங்க. கையைக் குடுங்க."

நான் பாளத்தின் மேல் மண்டியிட்டிருந்தேன். மைமு சன்னல் வழியாகப் பார்த்தது அதைத்தான், பொய் சொல்லவில்லை அவள். மீன்களுக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்று முதலில் நினைத்தாளாம். நான் தீயவள் இல்லை என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? பார்த்தவளுக்கே ஜெபம் மாதிரிதான் தெரிந்திருக்கிறது.

விரல்கள் விளிம்பைப் பற்றின, வழுக்கின, திரும்பப் பற்றின. ஓடு பதித்துக் காய்த்துப்போன விரல்கள். வழவழப்பான பரப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

"அண்ணி, காலு மரத்துப்போச்சு. யாரையாச்சும் கூப்பிடுங்க. மைமு! மைமு!"

"கத்தாதேடா. மீன் மிரளும்."

"மீனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வீட்டையே நீங்க எடுத்துக்கங்க. அண்ணி, தயவு பண்ணுங்க."

அவர் என்னிடம் தயவு என்ற வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவருக்குத் தெரிந்திருந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திறந்த துளை அந்தக் குளிரில் கொஞ்ச நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். அதனால் மூடியை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். மேலே ஒரு செங்கல்லையும் வைத்தேன், காற்றில் நகராமல் இருக்க. நான் எழுந்து வரும்போது அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தெர்மாகோல் குளிரை மட்டும் இல்லை, சத்தத்தையும் நன்றாகவே தடுக்கிறது.

உள்ளே வந்து காபி போட்டுக் குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்தேன். திரும்பப் போய்ச் செங்கல்லையும் மூடியையும் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, நாலரை மணிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். உங்கள் ஆட்கள் கோடாலியும் ரம்பமுமாக வந்து பாளத்தைத் தடதடவென்று உடைத்தார்கள். அப்படி அடிக்கக் கூடாது, மெதுவாக உருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று தோளில் கம்பளி போர்த்தினார்கள். நல்ல பையன்கள்.

நீங்கள் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். குளம் முழுக்கத் துழாவியும் உயிரோடோ செத்தோ ஒரு மீனும் கிடைக்கவில்லை என்று எழுதியிருப்பார்கள். எப்படிக் கிடைக்கும்? வியாழக்கிழமை, ஹெய்னோ பல் வைத்தியரிடம் போயிருந்த நேரத்தில், வலைக்கூடையில் ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத்துணியில் பொதிந்து, கீழே உருளைக்கிழங்கு அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். பழைய துத்தநாகத் தொட்டியில் ஏழும் சுகமாக இருக்கின்றன. தண்ணீர் நான்கு டிகிரி, காலையில்கூடப் பார்த்தேன்.

ஆமாம், வியாழக்கிழமை. ஏணியை எடுத்தது சனிக்கிழமை. நாள்களைச் சரியாகத்தான் சொல்கிறேன். இல்லை, அன்றைக்குக் குளத்தில் ஹெய்னோவைத் தவிர வேறு எந்த உயிரும் இல்லை.

நீங்கள் உங்கள் வார்த்தையில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் என் வார்த்தையிலேயே இருக்கட்டும்: நான் செய்ததெல்லாம் அந்த மீன்களுக்காகத்தான்.