மூன்று ஞாயிறு கஷாயம்

நிறையப் பேர் தண்ணீரை அதிகமாக ஊற்றித்தான் செடியைக் கொல்கிறார்கள், சார். எக்கினேசியாவுக்கு வேர் நனைந்துகொண்டே இருந்தால் ஆகாது. வெளிநாட்டுச் செடி, தாம்பரம் வெயிலுக்கு நிற்காது என்றார்கள். மாடியில் நிழல்வலைக்கு அடியில், மணல் கலந்த தொட்டியில் மூன்று வருஷம் வளர்த்துக் காட்டினேன். நடுவில் முள்முள்ளாய் ஒரு குமிழ், சுற்றிலும் ஊதா இதழ்கள் தொங்கும். வண்ணத்துப்பூச்சிகள் அதை விட்டு நகராது.

மூன்றாம் வருஷ வேருக்குத்தான் குணம் அதிகம் என்று படித்திருந்தேன். கழுவி, நறுக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு துண்டை மென்றால் நாக்கு மரத்துப்போகும். அப்படியானால் நல்ல வேர். சளி, ஜுரம் என்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும்.

என் தம்பி ஜெபகுமாருக்கு மட்டும் அது கூடாது. 2004-இல் அவனுக்கு என் கிட்னி ஒன்றைக் கொடுத்தேன். உடம்பு அதை அந்நியம் என்று விரட்டிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருந்தார்கள். "எந்தச் செடி மருந்தும் வேண்டாம்மா" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நான் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள். புரியாமல் இல்லை.

ஆபரேஷன் நடந்த தேதி வந்தால் அவன் சபையில் எழுந்து சாட்சி சொல்வான். "எங்கக்கா இல்லன்னா நான் இல்ல." எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். கல்யாணமாகாத நாற்பத்தெட்டு வயசுக்காரியை வேறு எந்த நாளில் பார்க்கிறார்கள்? எனக்கு அது வேண்டியிருந்தது.

2007-இல் ஜாஸ்மின் வந்தாள். சிறுசேரியில் அவனோடு வேலை பார்த்தவள். நல்ல பெண். "அங்கேயே ஃப்ளாட் பாத்துட்டோம்க்கா. எவ்ளோ நாள்தான் நீங்களே இவரைப் பாத்துப்பீங்க, இனிமே ரெஸ்ட் எடுங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். முதல் ஞாயிறு நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து வேரைக் கொதிக்கவைத்தேன்.

"என்னக்கா, நாக்கு ஒரு மாதிரி மரத்துப்போகுது?"

"மிளகு ஜாஸ்தி. குடி."

குடித்தான். காலையும் மாலையும் குடித்தான். நான் கொடுத்ததை என்னவென்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாம் ஞாயிறு கால் வீங்கியது. மூன்றாம் ஞாயிறு ஓலை வாசிக்கும்போது ஆஸ்பத்திரியில் இருந்தான்; நான் கொடுத்த கிட்னியை உடம்பு விரட்டத் தொடங்கிவிட்டது என்றார்கள். கொஞ்சம் முடியாமல் போனால் கல்யாணம் தள்ளிப்போகும், என்னிடமே இருப்பான் என்றுதான் நினைத்தேன்.

வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

ஜாஸ்மின் தன் கிட்னியைக் கொடுப்பதாகச் சொன்னாள். ரத்தப் பிரிவும் பொருந்தியது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று சாயங்காலம்தான் மிச்சமிருந்த வேரையெல்லாம் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போய்க் குடிக்கவைத்தேன்.

புதன்கிழமை மதியம் போய்விட்டான். அழுதேன் சார், இன்னும் அழுகை நிற்கவில்லை. ஆனால் கடைசிவரை அவன் உடம்பில் என்னுடையது மட்டும்தான் இருந்தது. என் தம்பிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.