புகைபோக்கியில் குறையில்லை

வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கழிவறையை. கூரை என்பது வீட்டுக்காரர் ஊருக்குக் காட்டுகிற முகம். கழிவறைதான் அவருடைய மனசு. பக்கத்து வீட்டுத் தோஷ்மத் அண்ணன் தன் கழிவறையைத் தன் கையாலேயே கட்டினார். பூசி, சுண்ணாம்பு அடித்து, முதன்முதலாக உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான், தொழுகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. இடித்துத் திருப்பிக் கட்டுகிற மனுஷர் இல்லை அவர். பக்கவாட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அறுபதாயிரம் டாலர் கேட்டார்.

நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்கிறீர்கள், தம்பி. நடந்ததெல்லாம் அந்த வீட்டின் விலையால் நடந்தது. அதனால் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள்.

வீட்டின் நடு விட்டம் கீழ்நோக்கித் தொய்ந்திருக்கும். வாய்க்கால் பக்கத்துச் சுவர் கோடையில்கூட வேர்க்கும். கூடத்துச் சுவரில் கை நுழைகிற விரிசல் ஒன்று உண்டு. அதன்மேல் காலஞ்சென்ற மனைவியின் சீர்வரிசைப் பூத்தையல் திரையைத் தொங்கவிட்டிருந்தார். வருகிறவர்கள் பூவேலையை மெச்சுவார்கள். வெளியே காற்றடித்தால் பூ மூச்சு விடும். யாராவது விலையைப் பற்றி வாய் திறந்தால், தோஷ்மத் அண்ணன் அவர்களுடைய தேநீர்க் கோப்பையை விளிம்பு வரை நிரப்பிவிடுவார். அரைக் கோப்பை மரியாதை, முழுக் கோப்பை என்றால் வாசல் அந்தப் பக்கம் என்று நம் மர்கிலானில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

அதோடு அவர்கள் போய்விட மாட்டார்கள். வீட்டை வாங்காதே, அக்கம்பக்கத்தை வாங்கு என்று உங்கள் அம்மாவும் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். ஆகவே தோஷ்மத் அண்ணன் வாசலில் மாட்டிய செருப்பை நேரே என் வாசலில் வந்து கழற்றுவார்கள். வீடு எப்படி, மனுஷர் எப்படி, தண்ணீர் வருமா, சந்தில் சண்டை உண்டா என்று கேட்பார்கள். மூன்று வருஷத்தில் பதினோரு குடும்பம் கேட்டது. நான் பொய் சொன்னதே இல்லை. ஆளுக்கு ஓர் உண்மை சொன்னேன், அவ்வளவுதான்.

உலர்பழ வியாபாரி ஒருவர் வந்தார். மூன்று லாரிகள். மூன்றும் என் சன்னலடியில்தான் நிற்கும். அவருக்கு விட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கல்யாண வீடுகளில் பாடுகிற ஒருவர் வந்தார். நல்ல குரல்தான், ஆனால் வீட்டில் பாடிப் பழகுவதும் அதே குரலில்தானே. அவருக்குச் சுவரின் ஈரத்தைச் சொன்னேன். தொண்டையைத் தடவிக்கொண்டே போனார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே, “உங்க வீட்டுக்கு யாரார் வந்து போவாங்க?” என்று என்னையே கேட்டார். இப்படித் துருவுகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் நிம்மதியாக இருக்க முடியும். அவருக்குக் கழிவறையின் திசையைச் சொன்னேன்.

தோஷ்மத் அண்ணனுக்குக் கோபம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார்.

“ஏ பஷாரத், உன் நாக்கை அறுத்துக் குடுத்தா அன்னைக்கே என் வீடு வித்துப்போயிரும்!”

“என் நாக்கு எதுக்கண்ணே? உங்க வீட்டுச் சுவரே வாயத் தொறந்துக்கிட்டுத்தானே நிக்குது.”

“விதவைப் பொம்பள, தஸ்பீக் மணிய உருட்டிக்கிட்டு மூலையில உக்காராம...”

“மூலையிலதான் உக்காந்திருக்கேன். உங்க மூலையும் என் மூலையும் ஒண்ணு, அதுக்கு நான் என்ன செய்ய?”

இதைச் சண்டை என்று எழுதாதீர்கள். எனக்குப் பேச்சுத்துணை அவ்வளவுதான். என் பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு வானொலியோடு பேசிப் பார்த்தேன். அது எல்லாம் தெரிந்ததுபோல் பேசுகிறதே தவிர, திருப்பி ஒரு கேள்வி கேட்பதில்லை.

அக்டோபரில் நிகினா வந்தாள். புருஷன் இல்யாஸ் பின்னால் நின்றான். பேச்சில் அவனுக்குப் பங்கில்லை. அவள் கையில் சூடான ரொட்டி. ஆறு மாத வயிறு. மாமியார் வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார்கள், நடுவில் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுகிறாள். ஒரு மணி நேரத்தில் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மாமியார் எத்தனை முறை இருமுவாள் என்பது வரை. பிறகு, போகிறபோக்கில், தான் முடி வெட்டுகிறவள் என்றாள். வீடு கிடைத்தால் முன்னறையில் ஒரு கண்ணாடியும் நாற்காலியும் போட்டுத் தொழிலை நடத்துவாளாம்.

தம்பி, நீங்கள் இத்தனை பேரை விசாரித்திருப்பீர்கள். ஆனால் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, ஈரத் தலையோடு உட்கார வைத்த பெண் பேசுவதுபோல் உங்களிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மர்கிலானின் பாதிக் கதை அந்த நாற்காலியில் வந்து உட்காரும். அந்த நாற்காலி என் சுவரிலிருந்து நாலடி தூரத்தில். அன்றே முடிவு செய்துவிட்டேன், பதினோரு பேரை நான் விரட்டியது இவளுக்கு இடம் வைக்கத்தான் என்று.

வீட்டின் குறைகளை அவளுக்கு மட்டும் முழுசாகச் சொன்னேன். எது பூசினால் போகும், எது போகாது, விட்டத்துக்கு எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், எல்லாம். நாற்பதுக்குக் கிடைத்தால் வாங்கலாம், அறுபதுக்கு வாங்குகிறவன் பைத்தியக்காரன் என்றேன். அவர்களிடம் இருந்ததும் நாற்பதுதான். வேறொரு பேட்டையில் மூன்றாவது மாடியில் ஒரு குடியிருப்பும் பார்த்து வைத்திருந்தார்கள். ஜனவரி முடிவதற்குள் அதன் சொந்தக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் போய்ப் பேசினேன். சுவருக்கு மேலாகக் கத்தாமல், அவருடைய வாசலுக்கே போய்.

“நாப்பதுக்குக் குடுங்கண்ணே. வயித்துப் புள்ளக்காரி.”

“புள்ள என்னுதா? நான் எதுக்கு இருபதாயிரத்த விட்டுக்குடுக்கணும்?”

“விட்டம் தொங்குதுண்ணே.”

“உனக்குந்தான் தாடை தொங்குது. உன்னைய யாராச்சும் விலை குறைச்சாங்களா?”

“உங்களுக்கு மகன் வீட்டுக்குப் போகணும். தாஷ்கண்ட்ல பேரன் காத்திருக்கான்.”

“காத்திருக்கட்டும். எழுதி வெச்சுக்க பஷாரத். நான் உசுரோட இருக்குற வரைக்கும் ஒரு டாலர் குறையாது.”

இதை நான் வீம்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தகவலாக எடுத்துக்கொண்டேன்.

இங்கே புகைபோக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் இன்று வந்ததே அதற்குத்தான். அந்த வீட்டில் குற்றம் சொல்ல முடியாத ஒரே பொருள் அது. நல்ல செங்கல், நேரான வழி. போன இலையுதிர் காலத்தில் அவர் ஆள் வைத்துக் கரி நீக்கினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றது நான்தான். அடுப்பு வாயில் ஒரு காகிதத் துண்டைக் காட்டினால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். அவ்வளவு நல்ல இழுப்பு. எங்கள் இரண்டு வீட்டுக் கூரையும் ஒட்டியிருக்கும். சர்க்கரைப் பாதாமிப் பழம் காயவைக்க நான் வருஷா வருஷம் ஏறுகிற இடம்தான்.

ஜனவரி இரண்டாவது செவ்வாய்க்கிழமை. பனி விழுந்துகொண்டிருந்தது. செவ்வாயில் தோஷ்மத் அண்ணன் முந்தின நாள் புலாவைச் சுடவைத்துச் சாப்பிடுவார். சாப்பிட்டதும் சன்னலைச் சாத்தி, அறையைச் சூடாக்குகிற எரிவாயு அடுப்பைக் கூட்டி வைத்து, காலை அதன் பக்கம் நீட்டித் தூங்குவார். இரண்டு மணிக்குக் குறட்டை தொடங்கும். அன்றும் தொடங்கியது. நான் என் பழைய பஞ்சுப் போர்வையை எட்டாக மடித்து எடுத்துக்கொண்டு ஏறினேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. இறங்கி வந்து மாவு பிசைந்தேன். நூடுல்ஸ் அறுத்துச் சூப் வைத்தேன். வானொலியில் யாரோ பல் பராமரிப்பைப் பற்றிப் பேசினார்கள். குறட்டை எப்போது நின்றது என்று கேட்காதீர்கள். வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்தேன். மாலைத் தொழுகைக்கு முன்பே போய்ப் போர்வையை எடுத்துவிட்டேன். என் தடத்தைப் பனி மூடியது. போர்வையை மூன்று தண்ணீரில் அலசினேன்.

அவர் கஷ்டப்படவில்லை. முகம் சிவந்து, ரொம்ப நாள் கழித்து நல்ல செய்தி கேட்டவர்போல் இருந்தது. குளிப்பாட்டியவர்களே சொன்னார்கள். துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக்கூடாதே. மூன்று நாளும் நான்தான் சமைத்து அனுப்பினேன். உப்பு சரியாக இருந்தது என்று தாஷ்கண்டிலிருந்து வந்த மகனே சொன்னான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. மகனுக்கு அவசரம். துர்மரணம் நடந்த வீட்டுக்கு யார் முழு விலை கொடுப்பார்கள். மூன்றாம் நாளே முப்பத்தெட்டு என்றான். நான் இல்யாஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நிகினா தனியாக வந்தாள், வயிறு இன்னும் பெரிதாக. திரும்பவும் முதலிலிருந்து வீட்டைப் பற்றிக் கேட்டாள். நான் மகிழ்ச்சியாகச் சொன்னேன். தொட்டிலை எந்தப் பக்கம் போட்டால் பிள்ளை அழுவது எனக்குக் கேட்கும், முடி வெட்டும் நாற்காலியை எந்தச் சுவரோடு சேர்த்துப் போட வேண்டும், எல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

“அவரு எப்படிப் போனாரு பெரியம்மா?”

“தூக்கத்துலதான். ரெண்டு மணிக்குப் படுத்தா, அசர் தொழுகை வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. சன்னல் சாத்தியிருக்கும். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.”

“அரை மணி நேரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முப்பத்தோரு வருஷம்டி. அவரு தும்முனா நான் இங்கேருந்து ‘அல்லா நல்லா வைக்கட்டும்’பேன். நீ வந்தாலும் அப்படித்தான். நீ ராத்திரி புரண்டு படுத்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிரும், கவலைப்படாதே.”

அவள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரி முழுசாகப் போகாது, தம்பி. வட்டமாக ஒரு கறை நின்றுவிட்டது. பிறகு எழுந்து செருப்பைத் தேடினாள்.

“வீடு எங்களுக்குச் சரிப்பட்டு வராது பெரியம்மா.”

“ஏன், விலையா?”

“விலை நல்ல விலைதான்.”

“சுவரா? பூசிரலாமே.”

“சுவரெல்லாம் பரவால்ல.”

“அப்புறம் எதுக்கு வேணாங்குறே? கழிவறைன்னா இடிச்சுத் திருப்பிக் கட்டிக்கலாம்.”

அவள் வாசலுக்குப் போய்விட்டாள். தெருவில் நின்றுதான் பதில் சொன்னாள், ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு.

“அது... புகைபோக்கி பெரியம்மா. அதான் பயமா இருக்கு.”

பேறுகாலத்துக்கு முன் மூன்றாவது மாடிக்குக் குடிபோய்விட்டார்கள் என்று கேள்வி. இன்னும் விலைப் பத்திரம் எழுதவில்லையாம், வாடகைக்குத்தான். அதனால் இன்னும் நேரம் இருக்கிறது.

இப்போது என் குறை என்னவென்று சொல்கிறேன். எரிவாயுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “புகைபோக்கி தரக்குறைவு, கட்டுமானக் கோளாறு” என்று காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏறிக்கூடப் பார்க்கவில்லை. கீழே நின்று தேநீர் குடித்துவிட்டு எழுதினார்கள். அந்தச் சந்தில் போகிற வருகிற எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். மூன்று வருஷம் அந்த வீட்டின் ஒவ்வொரு குறையையும் உள்ளபடி சொன்னவள் நான். இல்லாத குறையை அதன்மேல் சுமத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன். போர்வை அந்தப் பையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். புகைபோக்கியின் வாயில் வைத்துப் பாருங்கள், கறை பொருந்தும். தோஷ்மத் அண்ணனைக் கொன்றது நான், புகைபோக்கி இல்லை.

அதை அப்படியே எழுதி, முத்திரை போட்டு, நிகினாவிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். கெட்டிக்காரப் பெண், படித்ததும் புரிந்துகொள்வாள். அவள் பயந்தது புகைபோக்கிக்குத்தான், தம்பி. வேறு எதற்குப் பயப்பட அந்தச் சந்தில் என்ன இருக்கிறது.