சட்டசபைக்குப் போன பதில்

நிலத்தைப் பறித்தவர் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதியதைப் பதில் என்று சொல்லலாமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் பஸ்ஸில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு குத்தகை விவசாயியும் அவர் மைத்துனரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மச்சான், நான் சந்தோஷமா நிலத்தை விட்டுக்கொடுத்தேனாம். சட்டசபையிலயே சொல்லிட்டாங்க," என்றார் விவசாயி.

"யாரு சொன்னா?"

"மந்திரி. குத்தகைக்காரங்களை ஏன் வெளியேத்துனாங்கன்னு நம்ம எம்.எல்.ஏ. எழுதிக் கேட்டாருல்ல? அதுக்கு வந்த பதில்."

"மந்திரிக்கு உங்களை எப்படித் தெரியும்?"

"கேள்வி கலெக்டர், தாசில்தார்னு இறங்கி, கடைசியில நம்ம ஊரு கணக்குப்பிள்ளைகிட்டதானே வருது. அவரு என்னை வெளியேத்துன பண்ணையார் வீட்டுல காப்பி குடிச்சிக்கிட்டே எழுதிட்டாரு."

"அடப்பாவி! மறுபடி கேக்கச் சொல்லுங்க."

"கேக்கலாம். அந்தக் கேள்வியும் அதே வீட்டுக்குத்தான் காப்பி குடிக்கப் போகும். அதுக்குள்ள என் வயல்ல வேற ஆளு நடவு நட்டுடுவான்."

என் கணவர் அந்தத் தாசில்தார் ஆபீசில்தான் குமாஸ்தா. அந்தப் பதில் அவர் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். அவரிடம் கேட்டு, அவர் ஆபீசில் வாய் திறந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ? கேட்காமல் இருந்தால் அந்த மனிதரின் வயல் போய்விடுமே? வாசகர்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நடவுக்கு முன் எழுதுங்கள்.