பின்பக்கக் கம்பி

பிரைசன் ஷூக் எனக்கு ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து டாலர் தர வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கார்ப் பித்துப் பிடித்த பையன்கள் யாருக்காவது கொஞ்சம் பாக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். சம்பளத்தில் பாதி டயரில் தேயும், மீதி பெட்ரோலில் எரியும்.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மலைச்சாலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிற கடைசிப் பட்டறை, ஹோயலுடையது. உங்கள் பிக்கப் டிரக்கின் முன்பக்கத்தைக்கூட நான்தான் பார்த்துக் கொடுத்தேன். வயதெல்லாம் வண்டிக்கு அடியில் போய்விட்டது. முழங்கால் சரியில்லை, ஒரு காது கேட்பதில்லை. ஆனால் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தால் அதன் எந்தக் கால் நொண்டுகிறது என்று இன்னும் சொல்லிவிடுவேன்.

போன வசந்தத்தில் பிரைசன் தன் சிவப்பு இரண்டு கதவுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தித் தரச் சொன்னான்.

"தரையோட ஒட்டி நிக்கணும் வெண்டல். ஒரு சிகரெட் பெட்டி அடியில போகக் கூடாது."

"வெட்டுன ஸ்பிரிங்க வெச்சுக்கிட்டு அந்த மலையில ஏறுனா வண்டி தவளை மாதிரி குதிக்கும்டா. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துனதா, ஜோடியா எடு. உயரத்தை நீயே ஏத்தி இறக்கிக்கலாம். ஷாக் தலையில ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பி இறுக்கமும் வெச்சுக்கலாம்."

"எவ்வளவு?"

சொன்னேன். சிரித்தான். அவனிடம் இல்லை. பட்டறை ஆள் என்பதால் எனக்குச் சாமான் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். என் பணத்திலேயே வாங்கினேன், நானே மாட்டினேன். அந்தத் தேர்வில் ஒரு பிசகும் கிடையாது. அவனுடைய எடைக்கும் அந்தச் சாலைக்கும் பார்த்துப் பார்த்து எடுத்தது. அப்போது எனக்கு அவனைப் பிடிக்கும். இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரர்கள் வருவதற்கு முன்னால் நாங்கள் எட்டுப் பத்துப் பேர் கணவாய் வரை ஏறி இறங்கி, லர்லீன் கடையில் காலைச் சாப்பாடு சாப்பிடுவது வழக்கம். பந்தயம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுடைய வாசலில் எந்த வண்டி முதலில் வந்து நிற்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். பல வருடங்களாக அது என்னுடைய வண்டி. ஜூன் மாதம் பிரைசனுடையது ஆயிற்று. நான் வாங்கிக் கொடுத்து, நானே மாட்டிய சாமானை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். எனக்கு வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு ஞாயிறு நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். அவன் வண்டியில் புதுச் சக்கரங்கள் மின்னின. உள்ளே போனதும் அவன் குரல்தான் முதலில் கேட்டது.

"வா பெருசு. நாங்க ரெண்டு தட்டு ரொட்டி முடிச்சாச்சு. கிரேவி ஆறிப் போச்சு, பரவாயில்லையா?"

பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "சக்கரம் நல்லா இருக்கு. என் பாக்கி என்ன ஆச்சு?"

அவன் மேசை முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொன்னான். "தரேன்யா. முதல்ல என்னைத் துரத்திப் புடி. புடிச்சேன்னா அங்கேயே வண்டிய நிறுத்தி எண்ணி வெச்சுடறேன்."

காபி ஊற்றிக்கொண்டிருந்த லர்லீன், "அப்போ அந்தக் காச நீ மறந்துடு வெண்டல்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவேளை நான் சிரிக்காமல் இருந்திருந்தால் இது அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவன் பட்டறைக்கு வந்தான். வளைவில் திருப்பினால் வண்டி திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகிறதாம். முன்சக்கரம் இழுக்கிற எல்லா வண்டியும் அப்படித்தான். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். பயந்துபோனவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி வேகம் குறைந்து தானாக அடங்கும். வண்டியின் வால், அதாவது பின்பக்கம், சுற்றிக்கொண்டால் அப்படி அடங்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கிற கம்பியைத் தடிமனாக்குவது. தடிமன் கூடக்கூட முன்பக்கம் சுலபமாகத் திரும்பும், பின்பக்கம் நழுவத் தயாராக இருக்கும். சாலைக்கு ஏற்றதாக ஒரு சுற்று மட்டும் தடித்த கம்பி கடையில் கிடைக்கும். ஆனால் பட்டறையின் பின்னால் இன்னொன்று கிடந்தது. பந்தய மைதானத்தில் மட்டும் ஓடிய ஒரு வண்டியிலிருந்து கழற்றியது. ஹோயல் அப்போதே சொல்லியிருந்தார்: "அதை ரோட்டு வண்டியில எவனுக்கும் மாட்டித் தொலைக்காதே."

அதைத்தான் பிரைசனுக்குக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன்.

"பாக்கியில சேர்த்துடுவியா?"

"இது என் அன்பளிப்பு."

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என் சட்டைக் கிரீஸ் அவன் சட்டையில் ஒட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

அந்தக் கம்பியின் முனையில் மூன்று ஓட்டைகள் உண்டு. எதில் மாட்டினால் மிகக் கடினமாக நிற்குமோ அதில் மாட்டினேன். பின்பக்க ஷாக்குகளின் திருகைக் கடைசி வரை இறுக்கினேன். அன்றைக்கு அவன் இரண்டு புது டயரும் வாங்கியிருந்தான்.

"முன்னாடி போடு. முன்சக்கரம்தானே இழுக்குது."

எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். புது டயர் பின்னால்தான் போக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது. தேய்ந்தது பின்னால் இருந்தால் ஈரத்தில் வால் பிடிப்பை விட்டுவிடும். இதற்காக எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். பாதிரியாரின் மனைவி என்னோடு பேச்சையே விட்டுவிட்டாள். அன்றைக்கு மட்டும் நான் சரி என்றேன். தேய்ந்து மொட்டையான டயர் இரண்டையும் பின்னால் மாட்டினேன்.

எல்லாம் நடந்த பிறகு போலீஸ் தரப்பில் நீங்களும் உங்களோடு வந்த ஆளும் அந்த வண்டியை ஒவ்வொரு போல்ட்டாகச் சோதித்தீர்கள். எல்லாம் சரியான அளவுக்கு முறுக்கியிருந்தது. வேலையில் குறை இல்லை என்று எழுதினீர்கள். குறை இல்லைதான். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்போது இங்கே உட்கார்ந்து சொல்லும்போது மற்ற எதையும்விட அதுதான் கூச்சமாக இருக்கிறது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மேலே, சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்க நிற்பார்களே, அந்த அகலமான வளைவு. மழை பெய்கிற ஒரு ஞாயிறு, எல்லோரும் பின்னால் வரும்போது, அங்கே அவன் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி ஜல்லியில் போய் நிற்க வேண்டும். முகம் வெளுத்து இறங்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இடத்தைக்கூட யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

ஆனால் மழை வரவில்லை. காய்ந்த சாலையில் அந்த வண்டி அருமையாக ஓடியது. ஒருநாள் நானே ஓட்டிப் பார்த்தேன். என் கையால் செய்த வேலைகளில் அதுதான் சிறந்தது. பிரைசன் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டுப் புது ஆட்கள் பட்டறை தேடி வந்தார்கள். அந்த வாரங்களில் எந்த நாளும் நான் அதைக் கழற்றியிருக்கலாம். அவன் வரும்போதெல்லாம் அடுத்த தடவை என்று நினைத்துக்கொள்வேன். கழற்றினால் ஏன் என்று கேட்பான். 

மார்லாவைப் பற்றிச் சொல்கிறேன். பிரைசனின் அக்கா. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அவள்தான். கணவாய்க்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் வேலை. அது நடந்த அன்று காலை அவளைப் பார்க்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். பார்த்தேன். அவள் எந்த வண்டியில் போவாள் என்று தெரியாது என்றும் சொன்னேன். தெரியும். அவளுடைய வேனின் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தது நான்தான்.

ஹோயல் சாமான் வாங்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். அப்போதுதான் தூறல் ஆரம்பித்திருந்தது. ரொம்ப நாள் காய்ந்து கிடந்த சாலையில் முதல் மழை. அப்போதுதான் எண்ணெயெல்லாம் மேலே மிதந்து வரும். அவள் பிரைசனின் சிவப்புக் காரை வாசலில் நிறுத்திவிட்டு, தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, ஒரு கட்டுப் பணத்தை என் கையில் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்க வெண்டல். சரியா இருக்கணும்."

"என்னம்மா இது?"

"என் தம்பி உங்ககிட்ட வாங்குனது. லர்லீன் சொல்லித்தான் எனக்கே தெரியும். மானமே போச்சு. அவன்கிட்ட நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க. சாயங்காலம் நானே அவன் காதைத் திருகிக்கறேன்."

"அவசரமே இல்லையேம்மா."

"உங்களுக்கு இல்ல. எனக்குத் தூக்கம் வரல."

எண்ணினேன். சரியாக இருந்தது. கிளம்பியவள் திரும்பி நின்றாள்.

"இந்த வண்டி என்ன, வாலாட்டுது? பாலத்துக்கிட்ட ஒரு ஆட்டு ஆட்டுச்சு, உசுரே போயிடுச்சு. சரியாத்தானே இருக்கு?"

கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிட ஒரே ஒரு போல்ட் போதும். ஸ்பேனர் என் பையிலேயே இருந்தது. இல்லாவிட்டால் ஹோயலின் டிரக் சாவி சுவரில் தொங்கியது, எடுத்துக் கொடுத்திருக்கலாம். இரண்டும் அப்போதே எனக்குத் தோன்றின. ஆனால் வண்டியைத் தூக்கினால் அவள் பக்கத்தில் வந்து நின்று, என்ன கோளாறு என்று கேட்பாள். அவள் கொடுத்த பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஸ்போர்ட்ஸ் வண்டி அப்படித்தாம்மா. கொஞ்சம் விறைப்பா இருக்கும். பழகிடும்."

"ஆம்பளைங்களும் உங்க பொம்மைங்களும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"மெதுவாப் போம்மா" என்றேன்.

அப்படிச் சொன்னேன் என்பதைப் பல நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வண்டியில் வளைவின் நடுவே பயந்துபோய் மெதுவாகப் போகலாம் என்று காலை எடுத்தால்தான் பின்பக்கம் சுற்றும். சொல்லும்போதே அது எனக்குத் தெரியும்.

நான் யோசித்து வைத்திருந்த வளைவில் அது நடக்கவில்லை. அதற்கு முன்னாலேயே, ஓடைக்கு மேலே, ஓரத்தில் ஜல்லியும் தடுப்பும் இல்லாத இடத்தில் நடந்தது. அங்கே இறங்கிப் போய் அவளைத் தூக்கியது நீங்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மார்லாவின் அடக்கம் முடிந்து, சர்ச் கூடத்தில் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபோது பிரைசன் என்னிடம் வந்தான்.

"நாந்தான் வெண்டல். புது டயர முன்னாடி போடச் சொன்னது நாந்தான். நீ வேண்டாம்னுதான் சொல்லியிருப்ப. என் மண்டையில ஏறியிருக்காது."

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ கேட்டதத்தாண்டா செஞ்சேன்" என்றேன். அவன் தலையாட்டினான். அவனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அவன் பட்டறைக்கு வந்தான். நொறுங்கிப்போன வண்டியில் மிஞ்சியதையும், தன் வேட்டைத் துப்பாக்கியையும் விற்றிருந்தான். ஆயிரத்து நூற்று எண்பத்தைந்தை மேசையில் வைத்தான். "இது ஒண்ணாவது ஒழுங்கா முடியட்டும்" என்றான்.

ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொன்னால், யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று கேட்பான். வாங்கிக்கொண்டேன். அவன் எண்ணச் சொன்னான். எண்ணினேன்.

இப்போது அவன் வண்டியே தொடுவதில்லை. மரம் அறுக்கும் மில்லுக்குச் சாலையோரமாக நடந்தே போகிறான். காலையில் நான் அவனைத் தாண்டித்தான் வேலைக்கு வர வேண்டும். கை காட்டுவான். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

அந்தக் கம்பியைத் தேர்ந்தெடுத்தது நான். ஓட்டையைத் தேர்ந்தெடுத்ததும் நான். அவள் கேட்டபோது பொய் சொல்லி மழையில் அனுப்பியதும் நான். பிரைசன் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று எழுதிவிடுங்கள்.

இந்த உறையில் இருப்பது அவன் கொடுத்தது. அவனிடம் சேர்த்துவிடுங்கள். மார்லா கொடுத்ததைச் செலவழித்துவிட்டேன், அது எனக்கு நியாயமாக வர வேண்டிய பணம். இதில் ஒரு டாலர்கூட நான் தொடவில்லை. எனக்குச் சேராத காசை எடுக்கிற ஆள் நான் இல்லை. அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.