செவ்வாய்க்கிழமை இறால்

"ஹலோ... ஹலோ... ஜானகிராமன் அண்ணாத்தயா? நான் அம்சா... ஆமா, தேசப்பன் பொண்டாட்டி. மாபலிபுரம் போஸ்டாபீஸ்லேர்ந்து... ட்ரங்க் கால் கெடைக்கவே ஒரு மணி நேரமாச்சு, வெச்சிடாத அண்ணாத்த, உன் கால்ல வுழறேன்..."

கத்தாதே என்று போஸ்ட்மாஸ்டர் கையைக் காட்டினார். கத்தாமல் எப்படிப் பேசுவாள்? எட்டு நாளாகப் புருஷனைக் காணோம். போன வாரம் திங்கட்கிழமை, குப்பத்து மீனை எடை போட்டு வாங்கும் இந்த ஜானகிராமனோடு லாரியில் செங்கல்பட்டுக்குப் போனவன்தான்.

"...இல்ல, வர்ல... நெல்லூருக்குப் போயிட்டாருன்னு நீதான் சொன்னியாம்... ஆமா, ஆமா... ஆனா எனக்கு வேற மாரி தெரியுது. பட்டப்பகல்ல, கண்ணத் தொறந்துகினு இருக்கும்போதே. சோறு வடிக்கறேன், கஞ்சில தெரியுது. சவுக்குத் தோப்புல மல்லாக்கப் படுத்துகினு கீறாரு. வாயெல்லாம் மண்ணு... டாக்டராண்டயும் போனேன். நரம்புத் தளர்ச்சியாம், மாத்தர குட்த்தாரு. தின்னா கைதான் நடுங்குது, அது நிக்கல... சிரிக்காத அண்ணாத்த... ஆமா, ஆமா, பைத்தியம்தான். அத்தத்தான் கேக்கறேன். உன் வாயால சொல்லு. அவரு உசுரோட கீறாருன்னா நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன்!"

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"...கடசியா எப்ப பாத்த?... திங்கக்கெழமயே கொண்டாந்து எறக்கிட்டியா?... மறுநாள் காலைலயும் பாத்தியா? செவ்வாக்கெழமயா? நம்ம கரைலயா?... பெத்த புள்ள மேல சத்தியமா?... அப்பாடா! உன் வாய்க்கு சக்கரதான் போடணும்..."

அம்சா சுவரில் சாய்ந்துகொண்டாள். எட்டு நாளில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

"...இன்னா பண்ணிகினு இருந்தாரு?... வலய ஒதறிகினு இருந்தாரா?... அவரு புடிச்ச எறாவ நீதான் எடுத்தியா? அன்னிக்கே? கடல்லேர்ந்து வந்ததுமேவா?..."

அம்சா சுவரை விட்டு விலகினாள். போஸ்ட்மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாத்த... அன்னிக்கு எங்க சின்னாத்தா ஜெகதாம்பாள் பொணம் வூட்ல கெடந்துது. நீ டவுன்காரன், உனக்குத் தெரியாது. குப்பத்துல சாவு வுழுந்தா, பொணத்த எடுக்கற வரைக்கும் ஒருத்தனும் கடல்ல எறங்க மாட்டான். செவ்வாக்கெழம பொழுதுக்கும் ஒரு கட்டுமரம் போவல. ஒரு எறா வர்ல... இல்ல, இல்ல, இப்ப நாள மாத்தாத... புள்ள மேல சத்தியம் பண்ணியே, பாவி!... உன் தராசுல எடக்கல்லு கொறையுதுன்னு ஊர் முன்னால சண்ட போட்டாரே, அதுக்கா?... அதுக்கா அண்ணாத்த?..."

இருந்த கோபமெல்லாம் ஒரு நொடியில் வடிந்தது. குரல் கெஞ்சலாக இறங்கியது.

"...ஏன் பேச மாட்டேன்ற? எனக்குப் பைத்தியம்னு சொல்லேன், இப்பவும் நம்பறேன்... சொல்லு... அந்தத் தோப்பு ரெண்டு மைலு நீளம். நான் ஒருத்தியா எத்தினி எடத்துல தோண்டுவேன்? எங்கன்னு மட்டும் சொல்லு... ஹலோ... ஹலோ..."